ஆறு ராக்கெட் லாரி

24.6.2022, வெள்ளி

ஹைமார்ஸ் என்ற அமெரிக்க ராக்கெட் லாரி வந்து சேர்ந்துவிட்டது என்று உக்ரைன் பாதுகாப்பு அமைச்சர் ரெஸ்னிகோவ் நேற்று அறிவித்திருக்கிறார். ரஷ்யர்களுக்கு இந்தக் கோடை சூடாக இருக்கும் என்று ஒரு பஞ்ச் வசனம் வேறு. அமெரிக்கா முதல் தவணையாகத் தருவது நாலே நாலு. நாலு லாரியை வைத்துக்கொண்டு என்ன கிழிப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆறு சக்கர லாரி, முதுகில் ஒரு பெட்டி, பெட்டிக்குள் ஆறு ராக்கெட், ஆட்கள் மூன்று பேர். சுட்டு முடித்ததும் காலிப் பெட்டியை இறக்கிவிட்டுப் புதுப் பெட்டியை அந்த லாரியே தூக்கி ஏற்றிக்கொள்கிறது.

நான் நிலம் அளக்கிறவன், அதனால் என் கண் போனது வேறு இடத்துக்கு. எல்லைக்கல் நட நான் முக்காலியில் டிஜிபிஎஸ் கருவியை மாட்டி எந்தச் செயற்கைக்கோள்களைத் தேடுகிறேனோ, அந்த ராக்கெட்டும் அவற்றைத்தான் தேடுகிறது. எனக்குத் தேவைப்படும் அதே கோஆர்டினேட் (இடத்தைச் சொல்லும் எண்கள்), அதற்கு 70 கிலோமீட்டர் தாண்டிப் போய் விழுவதற்கு. ரஷ்ய மண்ணுக்குள் சுட மாட்டோம் என்று உக்ரைன் வாக்குக் கொடுத்த பிறகுதான் லாரி கைக்கு வந்ததாம்.

12.7.2022, செவ்வாய்

நேற்று ராத்திரி நோவா ககோவ்காவில் பெரிய வெடிப்பு. வீடியோவில் வானமே ஆரஞ்சு நிறமாகிவிட்டது. வெடிமருந்துக் கிடங்கை அடித்தோம் என்கிறது உக்ரைன். அங்கே ரஷ்யா உட்கார வைத்திருக்கும் அதிகாரிகளோ வெடித்தது உர மூட்டை என்கிறார்கள். உரமும் வெடிக்கும்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இந்த மாதம் ரஷ்யப் பக்கத்தில் உரக்கிடங்காகப் பார்த்து வெடிப்பது ஏனோ!

ரஷ்யப் படை ரயிலை நம்பி நடக்கிற படை. குண்டுகள் மரப்பெட்டியில் ரயிலில் வந்து, ஆள் வைத்து இறக்கி, ஸ்டேஷன் பக்கத்திலேயே மலை மலையாகக் குவிந்துவிடும். சாதாரண பீரங்கிக்கு எட்டாத தூரம் என்பதால் இத்தனை நாள் பயமில்லாமல் இருந்தார்கள்.

28.7.2022, வியாழன்

அந்தோனிவ்கா பாலத்தை நேற்று மூடிவிட்டார்கள். கெர்சோன் பக்கம் நீப்பர் நதியைத் தாண்டும் பாலம், நீளம் 1.3 கிலோமீட்டருக்கு மேல். மேற்குக் கரையில் இருக்கும் ரஷ்யப் படைக்குச் சோறும் குண்டும் டீசலும் போகிற வழி. இன்னொரு வழி ககோவ்கா அணை மேல் போகும் சாலை, அதையும் விடாமல் அடிக்கிறார்கள்.

பாலத்தின் மேலே எடுத்த வீடியோவை எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. தார் ரோட்டில் ஓட்டைகள், ஒன்றன்பின் ஒன்றாக, கயிறு பிடித்துக் குறித்த மாதிரி. ஓட்டையின் விளிம்பில் கம்பிகள் கீழ்நோக்கி வளைந்து கிடக்கின்றன, குனிந்து பார்த்தால் ஆறு தெரிகிறது. தூண்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு ராக்கெட்டில் இருப்பது சுமார் 90 கிலோ எடையுள்ள வெடிமுனை, அதை வைத்து இவ்வளவு பெரிய பாலத்தைச் சாய்க்க முடியாது. சாய்க்க வேண்டிய அவசியமும் இல்லை, கனரக வண்டி ஏற முடியாமல் செய்தால் போதும், அதற்காக 19ஆம் தேதி, 20ஆம் தேதி, 26 ராத்திரி என்று திரும்பத் திரும்ப அதே தளத்தில் இறக்கியிருக்கிறார்கள். நகராத இலக்கு, ஒருமுறை அளந்து வைத்துக்கொண்டால் தீர்ந்தது. இந்தத் துல்லியத்தில் ஒரு கல் நட நான் எவ்வளவு நேரம் காத்திருப்பேன் என்று நினைத்துப் பார்த்தேன், கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. அசிங்கமான பொறாமைதான்.

31.8.2022, புதன்

விநாயகர் சதுர்த்தி, வேலை இல்லை. உக்ரைன்காரர்கள் மரத்தில் ஹைமார்ஸ் பொம்மை செய்து வயல்வெளியில் நிறுத்துகிறார்களாம், ஒரு அமெரிக்கப் பத்திரிகை எழுதியிருக்கிறது. மேலே பறக்கும் ட்ரோனுக்கு அசலாகத் தெரிகிறது. ரஷ்யாவின் கலிபர் ஏவுகணைகள் குறைந்தது 10 ஆவது இந்தப் பொம்மைகள் மேல் வீணாகியிருக்கின்றன என்று உக்ரைன் அதிகாரி ஒருவர் கணக்குச் சொல்கிறார். சோளக்கொல்லை பொம்மைக்கு இப்படி ஒரு காலம்.

12.11.2022, சனி

நேற்று கெர்சோனுக்குள் உக்ரைன் படை நுழைந்துவிட்டது. தெருவில் சிப்பாய்களைக் கட்டிக்கொண்டு அழும் பாட்டிகளைப் பார்த்து எனக்கும் கண் கலங்கிவிட்டது. மேற்குக் கரையில் இருக்கும் படைக்குச் சப்ளை அனுப்ப முடியவில்லை என்று போன புதன்கிழமை ரஷ்யத் தளபதி சுரோவிகின் டிவியிலேயே ஒப்புக்கொண்டார். பரிசல்துறை மாதிரி மிதவைகளில் எத்தனை நாள் தள்ளுவது. போகிற போக்கில் அந்தோனிவ்கா பாலத்தை ரஷ்யர்களே தகர்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இத்தனை ராக்கெட்டுக்கும் விழாத பாலம்.

7.12.2022, புதன்

உக்ரைனுக்குக் கொடுத்த லாரிகளில் நீண்ட தூர ஏவுகணையைச் சுட முடியாதபடி அமெரிக்கா ரகசியமாக மாற்றம் செய்து வைத்திருக்கிறதாம். வாக்கு வாங்கியது போதாதென்று பூட்டும் போட்டிருக்கிறார்கள்.

5.1.2023, வியாழன்

மகீவ்கா, ரஷ்யா பிடித்துவைத்திருக்கும் கிழக்கு உக்ரைன் ஊர். அங்கே ஹைமார்ஸ் ராக்கெட் விழுந்திருக்கிறது. புத்தாண்டு பிறந்த நிமிடம், ஒரு தொழிற்பயிற்சிப் பள்ளிக் கட்டடம், உள்ளே புதிதாகப் படைக்குத் திரட்டப்பட்ட ஆட்கள். செத்தது 63 பேர் என்று சொன்ன ரஷ்ய ராணுவம் இப்போது 89 என்கிறது. தடையை மீறிச் செல்போன் பேசினார்கள், அதை வைத்து இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று பழியைச் செத்தவர்கள் தலையிலேயே போட்டுவிட்டார்கள். அதே கட்டடத்தில் வெடிமருந்தையும் அடுக்கியது யார் என்று ரஷ்ய ராணுவப் பதிவர்களே கேட்கிறார்கள். அந்த நேரத்தில் யாருக்குப் போன் செய்திருப்பார்கள்? அம்மாவுக்கு, பெண்டாட்டிக்கு. பாலம் வீடியோவைப் பார்த்த மாதிரி இந்தப் படங்களைப் பார்க்க முடியவில்லை.

25.5.2024, சனி

கத்திரி வெயில். ரஷ்யாவின் சிக்னல் ஜாமரால் ஜிபிஎஸ் ஆயுதங்களுக்குத் திசை தப்புகிறது என்று செய்தி. எக்ஸ்காலிபர் பீரங்கிக் குண்டு குறியில் விழுவது 10 சதவீதத்துக்கும் கீழே போய்விட்டதாம், ஹைமார்ஸும் தப்பவில்லை. ராக்கெட்டுக்குள் தன் நகர்வைத் தானே கணக்கிடும் கருவி உண்டு, இருந்தாலும் செயற்கைக்கோள் திருத்தாவிட்டால் பிழை ஏறிக்கொண்டே போகும். தென்னந்தோப்புக்குள் அளக்கப் போய்ப் பட்டவனுக்குத் தெரியும்.

8.3.2025, சனி

உக்ரைனுக்கு உளவுத் தகவல் தருவதை அமெரிக்கா நிறுத்திவிட்டது, சிஐஏ தலைவரே புதன்கிழமை உறுதிப்படுத்தினார். வெள்ளை மாளிகையில் டிரம்பும் ஜெலென்ஸ்கியும் சண்டை போட்டு ஒரு வாரம்தான் ஆகிறது. அமெரிக்கா தராத, அல்லது சரிபார்க்காத கோஆர்டினேட்டுக்கு உக்ரைன் இந்த ராக்கெட்டைச் சுடுவது அபூர்வம் என்று இரண்டு வருடத்துக்கு முன்பே படித்தேன், அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. லாரி இருக்கிறது, பெட்டியில் ஆறு ராக்கெட் இருக்கிறது, ஆளும் இருக்கிறார்கள்.

இன்று ஒரு வயலுக்குப் போயிருந்தேன். கருவிக்குத் திருத்தம் அனுப்பும் சேவையின் சந்தா நேற்றோடு முடிந்துபோனதைக் கவனிக்கவில்லை. திரை ஒளிர்கிறது, பத்துப் பதினைந்து செயற்கைக்கோள் தெரிகிறது, ஃபிக்ஸ், அதாவது துல்லியமான இடக்கணக்கு, மட்டும் வரவில்லை. நிலத்துக்காரப் பெரியவர், “மிஷின் நல்லாத்தானே இருக்கு தம்பி?” என்றார். நல்லாத்தான் இருக்கு ஐயா என்றேன். மதியம் வரை வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம்.