மட்டைப்பெட்டியும் மேசை ஃபேனும்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஜூன், ஜூலையில் வகுப்பு ஜன்னலைத் திறந்து வைத்துப் பாடம் நடத்திப் பாருங்கள், பிள்ளைகள் நடுங்கிவிடுவார்கள். மூடினால் 35 பேரின் இருமலும், லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) வந்து தங்கிய விறகடுப்புப் புகையும் உள்ளேயே சுற்றும்.

அதனால் விடுமுறையில் அறைக் காற்றை வடிகட்டும் ஒரு கோர்சி-ரோசென்தால் பெட்டி செய்தோம். 2020இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் கோர்சி, ஜிம் ரோசென்தால் இருவரும் உருவாக்கியது: நான்கு மெர்வ் 13 ஃபில்டர்கள் (நுண்துகளையும் பிடிக்கும் தரம்) சுவராக, அடியில் மட்டை, மேலே காற்றை வெளியே தள்ளும் 20 அங்குலச் சதுர ஃபேன், சுற்றிலும் டேப். அவ்வளவுதான். ஃபில்டரில் காற்று போகும் திசையைக் காட்டும் அம்புக்குறி உள்பக்கம் பார்க்க வேண்டும் (நாங்கள் ஒன்றைத் திருப்பி ஒட்டி, பிய்த்து மறுபடி ஒட்டினோம்). சதுர ஃபேன் எங்களுக்குக் கிடைக்கவில்லை, மேசை ஃபேனின் தலையைக் கழற்றி, மட்டையில் வட்டம் வெட்டிப் பொருத்தினோம், கம்பிக்கூட்டை மட்டும் தொடவே இல்லை, சின்ன விரல்கள் இருக்கிற இடமாச்சே! வட்டத்தைச் சுற்றி இடைவெளி விட்டால் வெளியே போன காற்றே திரும்ப உள்ளே நுழைந்துவிடும், அதையும் டேப்பால் அடைத்தோம்.

தூசி, புகைத்துகள், இருமலில் வரும் நுண்துளிகள் போன்ற துகள்களைத்தான் இது பிடிக்கும், நாம் மூச்சில் விடும் கரியமில வாயுவைக் குறைக்காது. ஆகவே இடைவேளையில் ஜன்னலைத் திறக்கத்தான் வேண்டும். டீச்சர் சத்தம் அதிகம் என்றார், சரி என்று வேகத்தை நடுவில் வைத்திருக்கிறோம்.