8 மில்லி ஷாஃப்டும் நாலு காலிப்பரும்

சின்னதாக ஒரு பெல்ட் சாண்டர் (ரோலர்களின் மேல் மணல்தாள் பட்டை ஓடித் தேய்க்கும் இயந்திரம்) செய்யலாம் என்று ஆரம்பித்தது இது. ரோலரின் இரண்டு முனையிலும் 608 பேரிங். ஸ்கேட்டிங் சக்கரத்தில் இருக்குமே, அதே பேரிங்தான்: உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, அகலம் 7 மி.மீ. லேத்தில் ஷாஃப்டைக் கடைந்து, பழைய வெர்னியர் காலிப்பரில் சரியாக 8.00 வந்ததும் நிறுத்தினேன். பேரிங் ஏறவில்லை. மறுபடி அளந்தேன், அதே 8.00. சரி, துளி பிசிறு இருக்கும் என்று எமரித் தாளைச் சுற்றித் தேய்த்தேன். ஏறியது, ஆனால் லொடலொடவென்று ஆடியது. தேய்த்த தேய்ப்பில் நுனி மெலிந்து ஷாஃப்ட் கூம்பாகிவிட்டது.

தப்பு கையில் என்றுதான் நினைத்தேன். லேத் வேலை பார்க்கிற அண்ணன் ஒருவரிடம் காட்டினேன். ஷாஃப்டை அவர் தொடவே இல்லை. வெர்னியரை வாங்கி, தாடைகளைத் துடைத்து மூடி, ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார். "இங்க பாரு தம்பி, நடுவுல வெளிச்சம் ஓடுது." நுனியும் அடியும் ஒட்டியிருக்க, இடையில் மயிரிழை போல ஒரு வெள்ளைக் கோடு. எத்தனையோ வருடமாகக் கம்பி, ஆணி, ட்ரில் பிட் எல்லாவற்றையும் அதே இடத்தில் வைத்து அளந்ததில் விழுந்த பள்ளம். போதாக்குறைக்கு, வேலை சுழன்றுகொண்டிருக்கும்போதே அளக்கிற கெட்ட பழக்கமும் எனக்கு உண்டு. தாடை தேய்வது ஒரு பக்கம், கை போய்விடும் அபாயம் இன்னொரு பக்கம்.

இந்தத் தேய்மானத்தில் ஒரு விஷமம் இருக்கிறது. மூடினால் சுழி சரியாகவே காட்டும். மெல்லிய ஷாஃப்ட் அந்தப் பள்ளத்தில் போய் உட்காரும்போது மட்டும் அசலைவிடக் குறைத்துக் காட்டும். பள்ளிக்கூடத்தில் படித்த சுழித்திருத்தமெல்லாம் இங்கே எடுபடாது.

ஆக, புதுசு வாங்கவேண்டும். எவ்வளவுக்கு வாங்குவது என்பதுதான் கேள்வி. பிளாஸ்டிக் டிஜிட்டல் ஒன்று என்னிடமே இருந்தது. மலிவான ஸ்டீல் டிஜிட்டல் ஒன்றை வாங்கினேன். டயல் காலிப்பரும், பெயர்பெற்ற நிறுவனத்தின் விலை உயர்ந்த டிஜிட்டலும் இரவல்.

ஒப்பிட ஸ்லிப் கேஜ், அதாவது மிகத் துல்லியமான அளவில் செய்த கட்டை, என்னிடம் இல்லை. ஆனால் புது 608 பேரிங் இருக்கிறதே! சாதாரண ரகத்திலேயே அதன் வெளிவிட்டம் 22.000-க்கும் 21.991-க்கும் இடையில் இருக்கவேண்டும் என்பது தரக்கட்டுப்பாடு. வீட்டுப் பட்டறைக்கு இதைவிட மலிவான அளவுச்சான்று கிடைக்காது. அகலத்தை மட்டும் நம்பவேண்டாம், அதில் 0.12 மி.மீ. வரை குறைய அனுமதி உண்டு. ட்ரில் பிட்டின் தண்டை வைத்துச் சோதிக்கவும் வேண்டாம், அது பெரும்பாலும் சொன்ன அளவைவிட மெலிவாகத்தான் இருக்கும்.

ஒவ்வொன்றிலும் பத்துத் தடவை அளந்தேன். பிளாஸ்டிக் 0.1 வரைதான் காட்டும், 22.0 என்றது, கொஞ்சம் அழுத்தியதும் 21.9 என்றது. அட்டைக்கும் மரத்துக்கும் சரி. மலிவு ஸ்டீல் 21.98 முதல் 22.01 வரை அலைந்தது. விலை உயர்ந்தது எட்டு முறை 21.99, இரண்டு முறை 22.00. டயல் 22.00-லேயே நின்றது, முள் நகர்வதைப் பார்க்கவும் சுகமாக இருந்தது. ஆனால் மறுநாளே ஒரு இரும்புத் தூள் அதன் பற்சட்டத்துக்குள் போய், உள்ளிருக்கும் பல்சக்கரம் ஒரு பல் தாண்டி, சுழியே இடம் மாறிவிட்டது. இரவல் பொருள் வேறு. உட்கார்ந்து சுத்தம் செய்து, சரிசெய்து கொடுத்தேன். தூள் பறக்கிற என் மேசைக்கு டயல் ஒத்துவராது.

மலிவு ஸ்டீலின் அலைச்சலுக்குக் காரணம் மின்னணுவில் இல்லை, நகரும் பாகத்தின் தளர்ச்சியில்தான் இருந்தது. அதன் மேல் விளிம்பில் இரண்டு குட்டித் திருகுகள் இருக்கும். இறுகும்வரை திருகி, பிறகு எட்டில் ஒரு சுற்று பின்னால் விட்டேன். ஓட்டம் கெட்டியாகவும் வழவழப்பாகவும் ஆனது, அளவு 21.99, 22.00 என்று இரண்டு எண்ணுக்குள் அடங்கியது. வாங்கிய அன்றே செய்யவேண்டிய வேலை இது. திருகே இல்லாத ரகத்தைத் தொடவேண்டாம்.

அப்படியென்றால் விலை உயர்ந்ததில் என்னதான் கூடுதல்? பேரிங்கைத் தாடையின் அடியில் வைத்து அளந்தேன், அப்புறம் நுனியில் வைத்து அளந்தேன். விலை உயர்ந்ததில் வித்தியாசம் 0.01. மலிவில் 0.04. காலிப்பரில் அளவுகோல் ஒரு கோட்டில் ஓடுகிறது, பொருள் அதற்கு விலகி வேறு கோட்டில் இருக்கிறது. அழுத்தினால் நகரும் தாடை சாயும். நுனிக்குப் போகப் போகச் சாய்வு பெருகும். ஜெர்மன் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே 1890-இல் சொன்ன விதி இது: அளக்கும் கோடும் அளவுகோலும் ஒரே நேர்கோட்டில் இருக்கவேண்டும். அதை மீறித்தான் காலிப்பரின் அமைப்பே இருக்கிறது, திருகைச் சுற்றி அளக்கிற மைக்ரோமீட்டர் மீறுவதில்லை. திரையில் 0.01 தெரிகிறது என்பதால் துல்லியமும் 0.01 என்று அர்த்தமில்லை. 150 மி.மீ. காலிப்பரில் நல்லதே ±0.02 என்றுதான் சொல்லும், மலிவு ±0.03.

பேட்டரி விஷயமும் உண்டு. மலிவு ரகங்கள் பலவற்றில் ஆஃப் செய்தால் திரைதான் அணையும், உள்ளே சுற்று ஓடிக்கொண்டே இருக்கும். கூடவே வந்த எல்ஆர்44 பட்டன் பேட்டரி சீக்கிரமே களைத்து, எண் கண்சிமிட்ட ஆரம்பித்தது. அதே அளவிலுள்ள எஸ்ஆர்44 போட்டேன். அது சில்வர் ஆக்சைடு. முடியும்வரை மின்னழுத்தம் அவ்வளவாக இறங்காது.

கடைசியில் மலிவு ஸ்டீலையே வைத்துக்கொண்டேன். மிச்சப்பட்ட பணத்தில் 0–25 மி.மீ. அளக்கும் மைக்ரோமீட்டர் ஒன்று வாங்கினேன். நான் கடையும் ஷாஃப்ட் எல்லாம் 25-க்குள்தான். பெரிய பொருளைத் துல்லியமாக அளக்கிறவர் கணக்கு வேறாக இருக்கலாம்.

டிஜிட்டலில் எனக்குப் பிடித்தது இது: ஒரே அளவுள்ள இரண்டு துளைகளின் மைய இடைவெளி வேண்டுமா? மேல்தாடையை ஒரு துளைக்குள் விரித்து, விட்டத்தில் சுழி வைக்கவேண்டும். பிறகு இரண்டு துளைகளின் வெளி ஓரங்களை அளந்தால், திரையில் வருவதே மைய இடைவெளி. கழித்தல் வேண்டாம், தாளும் பென்சிலும் வேண்டாம்.

இரண்டாவது ஷாஃப்ட் நேற்று. 8.2 வரை காலிப்பர், அதற்குப் பிறகு லேத்தை நிறுத்தி நிறுத்தி மைக்ரோமீட்டர். 7.99-இல் விட்டேன். கட்டைவிரலால் தள்ளியதும் பேரிங் மெதுவாக வழுக்கிப் போய் உட்கார்ந்தது, ஆட்டம் இல்லை. பழைய வெர்னியர் மரவேலைப் பெட்டிக்குப் போய்விட்டது.

அடுத்தது ரோலரில் 22 மி.மீ. குடைவு. மேல்தாடைகளின் விளிம்பு தட்டை என்பதால் துளையைக் குறைத்துத்தான் காட்டும். விளிம்பு அரை மில்லி அகலம் என்றால் 3 மி.மீ. துளை 2.96 என்று வரும். 22-இல் அந்தப் பிழை ஒன்றுமில்லை, ஆனால் தாடை கொஞ்சம் கோணினாலும் அளவு மாறும். அதனால் 21.8 வரை காலிப்பர், அதன்பின் பேரிங்கையே கேஜாக வைத்துச் சுரண்டிச் சுரண்டிப் பார்க்கப்போகிறேன்.