மேடத்துக்கு விருது வாங்கித் தருவதற்குள்

பெங்களூரில் நாங்கள் பி.எஸ்சி. படித்த கல்லூரி தன்னாட்சி பெற்ற பிறகு, இயற்பியல், வேதியியல், கணிதம், தாவரவியல், விலங்கியல் எல்லாவற்றையும் சேர்த்து 'ஸ்கூல் ஆஃப் சயின்ஸ்' என்று ஆக்கிவிட்டார்கள். தேசிய அறிவியல் தினமான பிப்ரவரி 28-ஐ ஒட்டி அந்த ஸ்கூல் ஆண்டுதோறும் முன்னாள் மாணவர் ஒருவருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கும் விருது தருகிறது. இந்த முறை இரண்டுக்குமே எங்கள் பேட்ச் விண்ணப்பித்தது. இரண்டும் கிடைத்தன. சந்தோஷம்தான். ஆனால் எங்கள் கெமிஸ்ட்ரி மேடத்தின் விண்ணப்பம் பட்ட பாட்டை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை. உங்கள் ஆசிரியர் யாருக்காவது இப்படி ஒன்று செய்ய நினைத்திருந்தால், எங்கே எது தடுக்கும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும்.

மாணவர் விருதுக்கு நாங்கள் அனுப்பிய நண்பன் மத்திய அரசு ஆய்வகம் ஒன்றில் விஞ்ஞானி. அவன் கட்டுரைகள், காப்புரிமைகள் எல்லாம் இணையத்திலேயே இருந்தன. ஒரே மாலையில் படிவம் நிரம்பிவிட்டது.

ஆசிரியர் படிவம் அப்படி இல்லை. முதல் பக்கத்திலேயே ஸ்கோபஸ் (ஆய்வுக் கட்டுரைகளின் தரவுத்தளம்) எண், கூகுள் ஸ்காலர் இணைப்பு, எச்-இன்டெக்ஸ், பெற்ற ஆராய்ச்சி நிதி, வழிகாட்டிய பிஎச்.டி. மாணவர்கள் என்று வரிசையாகக் கட்டங்கள். எச்-இன்டெக்ஸ் 10 என்றால் ஒருவரின் 10 கட்டுரைகளாவது தலா 10 முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருக்க வேண்டும். ஆய்வு மையமே இல்லாத ஒரு டிகிரி கல்லூரியில், காலையில் தியரி, மதியம் லேப் என்று வேலைக்காலம் முழுக்க பி.எஸ்சி. பிள்ளைகளோடு நின்றவருக்கு இந்தக் கட்டங்களில் என்ன எழுத முடியும்? இளம் வயதில் எழுதிய சில கட்டுரைகள் இருந்தன, அவ்வளவுதான். "எப்படி கற்பித்தார்?" என்று கேட்கும் கட்டம் படிவத்தில் எங்குமே இல்லை. ஆசிரியருக்கான விருதின் படிவத்தில்!

அவர் செய்தது என்ன என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். நாங்கள் சேர்ந்த காலத்தில் சால்ட் அனாலிசிஸ் (கொடுத்த உப்பு எது என்று கண்டுபிடிக்கும் சோதனை) என்றால் பெரிய டெஸ்ட் ட்யூப், புனல், ஃபில்டர் பேப்பர், அறை முழுக்க ஹைட்ரஜன் சல்ஃபைடு நாற்றம். அது வெறும் நாற்றம் இல்லை, விஷ வாயு. அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது, ஆபத்தே அதில்தான். மேடம்தான் அந்த வாயுவைத் தயாரிக்கும் கிப்ஸ் அபரேட்டஸை, புகையை வெளியே இழுக்கும் ஃப்யூம் கப்போர்டுக்குள் தள்ளினார். அப்புறம் ஒட்டுமொத்த பிராக்டிகலையும் செமிமைக்ரோ முறைக்கு மாற்றினார். சின்ன ட்யூப், சொட்டுச் சொட்டாக ரீஏஜென்ட், வடிகட்டுவதற்குப் பதிலாக, வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃப்யூஜ். ரசாயனச் செலவு குறைந்தது, கழிவு குறைந்தது, யாரும் மயங்கி விழவில்லை. அதற்காக ஒரு செய்முறைக் கையேட்டை அவரே எழுதி, சைக்ளோஸ்டைல் எடுத்துக் கொடுத்தார். அந்தக் கையேட்டின் அட்டையில் 'வேதியியல் துறை' என்று மட்டும்தான் இருக்கிறது. அவர் பெயர் இல்லை.

இதைச் சான்றாக ஏற்க முடியாது என்று அலுவலக கிளார்க் திருப்பிக் கொடுத்தார். ஆசிரியர் பெயர் இல்லாத புத்தகம், ஐஎஸ்பிஎன் எண்ணும் கிடையாது, 'ஆகல்ல' (முடியாது) என்று கன்னடத்தில் ஒரே வார்த்தை. ஒரு அறையிலிருந்து எடுத்த காகிதத்தை இன்னொரு அறையில் வைக்கும் அவருக்கு அந்தக் கையேடு எத்தனை பிள்ளைகளின் நுரையீரலைக் காப்பாற்றியது என்பது தெரிய வாய்ப்பில்லை. ஆனால் தெரிந்துகொள்ள ஒரு நிமிடம்கூட ஒதுக்கவில்லை என்பதுதான் எனக்குக் கோபம்.

தீர்வு எங்கள் வீட்டுப் பரண்களிலேயே இருந்தது. பேட்சில் சிலர் பழைய பிராக்டிகல் ரெக்கார்டுகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் மேடத்தின் கையெழுத்தும் தேதியும். கையேட்டில் உள்ள அதே வரிசையில் சோதனைகள். முந்தைய ஆண்டு சீனியர்களின் ரெக்கார்டில் பழைய முறை, எங்களுடையதில் புதிய முறை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஸ்கேன் செய்து இணைத்தோம். இதைப் பார்த்த பிறகு யாரும் கேள்வி கேட்கவில்லை.

கூடவே தேர்வுக் குழுவுக்கு ஒரு கடிதமும் எழுதினேன். காகிதம் போதவில்லை என்று தகுதி உள்ளவரைத் திருப்பி அனுப்புவது அறிவியல் உலகத்துக்குப் புதிது இல்லை. இயற்பியலாளர் அன்னா மணி இதே பெங்களூரில், இந்திய அறிவியல் கழகத்தில், சி.வி. ராமனின் ஆய்வகத்தில் வைரத்தையும் மாணிக்கத்தையும் ஆராய்ந்து, 1945-ல் ஆய்வேட்டை சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். எம்.எஸ்சி. பட்டம் இல்லை என்று சொல்லி அவருக்கு முனைவர் பட்டம் தரவில்லை. பின்னாளில் இந்திய வானிலைத் துறையின் துணைத் தலைமை இயக்குநர் பதவி வரை போனவர் அவர். நாட்டின் வானிலைக் கருவிகள் இங்கேயே தயாராவதற்கு அடித்தளம் போட்டவர். அந்த ஆய்வேடு இன்றைக்கும் ராமன் ஆராய்ச்சி நிறுவன நூலகத்தில் இருக்கிறது, பட்டம் மட்டும் வரவே இல்லை. எச்-இன்டெக்ஸ் கட்டம் காலியாக இருப்பதால் எங்கள் மேடத்தை ஒதுக்கிவிடாதீர்கள் என்று கேட்டிருந்தேன். குழுவின் கன்வீனர் தானே போன் செய்து, தனித்தாளில் கற்பித்தல் பணியை எழுதிக் கொடுங்கள், படிவத்தோடு சேர்த்துக்கொள்கிறோம் என்றார். முதல் கதவு அப்படித்தான் திறந்தது.

பரிந்துரைக் கடிதம் மூன்று வேண்டும். இதில் ஒரு எச்சரிக்கை. கேட்டவுடன் எல்லோரும் அன்போடு எழுதி அனுப்பினார்கள், 'தாய் போன்றவர்', 'சிறந்த ஆசிரியை', 'மறக்க முடியாதவர்' என்று. உண்மைதான், ஆனால் குழுவில் உட்கார்ந்து படிப்பவருக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. என்ன கற்றீர்கள், அது உங்கள் வேலையில் எங்கே உதவுகிறது என்று மட்டும் எழுதுங்கள் என்று திரும்பக் கேட்டோம். பீன்யா தொழிற்பேட்டையில் எலக்ட்ரோபிளேட்டிங் (உலோகப் பூச்சு) பட்டறைகளின் கழிவுநீரைப் பரிசோதிக்கும் தோழி ஒருத்தி எழுதியதுதான் மிகச் சிறந்தது. குரோமியத்தின் +3 நிலைக்கும் +6 நிலைக்கும் உள்ள வித்தியாசத்தை மேடத்தின் லேபில் நிறம் மாறுவதைப் பார்த்துக் கற்றதையும், அந்த +6 தான் இன்று அவள் தினமும் தேடும் விஷம் என்பதையும் அரைப் பக்கத்தில் எழுதியிருந்தாள். அதைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் எதுவும் செய்யவில்லை.

அடுத்தது பணிச் சான்றிதழ். எந்தத் தேதியில் சேர்ந்தார், எப்போது ஓய்வு பெற்றார் என்று கல்லூரி சான்று தர வேண்டும். கல்லூரி அலுவலகமோ, பழைய சர்வீஸ் ரிஜிஸ்டர்கள் கல்லூரிக் கல்வித் துறைக்குப் போய்விட்டன என்றது. துறை அலுவலகத்தில் கேட்டால், எய்டட் (அரசு உதவி பெறும்) கல்லூரி ஊழியரின் பதிவேடு கல்லூரியிலேயே இருக்க வேண்டும் என்றார்கள். எழுதித் தாருங்கள் என்றால் இரண்டு பக்கமும் தரவில்லை. வெயிலில் அல்சூரிலிருந்து போய் இதைக் கேட்டுவிட்டுத் திரும்பும்போது வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. கடைசியில் வழி சொன்னது மேடத்தின் கணவர். "பென்ஷன் ஆர்டர்ல எல்லாம் இருக்கேம்மா" என்றார். பீரோவிலிருந்து எடுத்துக் காட்டினார். ஓய்வுபெற்ற தேதி, கணக்கில் எடுத்த பணிக்காலம் எல்லாம் அதில் அச்சாகியிருந்தது. ஓய்வுபெற்ற யாருக்காக விண்ணப்பித்தாலும் முதலில் பென்ஷன் ஆர்டர் நகலைக் கேளுங்கள், அலுவலகப் படி ஏறுவதற்கு முன்பே.

இன்னொன்று. கிளார்க்கிடம் நிற்பதைவிட ஐக்யூஏசி (கல்லூரியின் உள் தர உறுதிப் பிரிவு) ஒருங்கிணைப்பாளரைப் பாருங்கள். கல்லூரிகளைத் தரமதிப்பிடும் தேசிய அமைப்பான நாக்-கின் அங்கீகாரத்துக்கான மதிப்பீட்டில் முன்னாள் மாணவர் பங்களிப்பு என்று தனியாக ஒரு பகுதி உண்டு. இந்த விருது விழாவின் ஆவணமும் ஜியோடேக் (எடுத்த இடத்தின் குறியீடு) போட்ட படங்களும் அவருக்குத் தேவை. எங்களுக்கு முத்திரை தேவை. அவர் ஒரு போன் செய்ததும் அதுவரை நகராத ஃபைல் அன்று மதியமே நகர்ந்தது.

இனிஷியல் விஷயம் தமிழர்கள் எல்லோருக்கும் தெரிந்த தலைவலி. மேடத்தின் பட்டச் சான்றிதழில் அப்பா பெயரின் இனிஷியல். ஓய்வூதிய ஆவணத்தில் கணவர் பெயரின் இனிஷியல். கட்டுரைகளில் இரண்டு இனிஷியலும். மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபியுங்கள், கெஜட் அறிவிப்பு கொண்டுவாருங்கள் என்றார்கள். அவர் பெயரை மாற்றிக்கொள்ளவே இல்லையே, எதற்கு கெஜட்? மேயோ ஹால் கோர்ட் பக்கம் போய் இ-ஸ்டாம்ப் தாளில், மூன்று பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று பிரமாண வாக்குமூலம் எழுதி, நோட்டரி கையெழுத்து வாங்கினோம். அதுவே போதும் என்று ஏற்றுக்கொண்டார்கள். கெஜட் என்று யாராவது பயமுறுத்தினால் முதலில் இதைக் கொடுத்துப் பாருங்கள்.

எல்லாம் சேர்ந்த பிறகு மேடத்தின் சம்மதக் கடிதம். ஜெயநகர் வீட்டில் காபி கொடுத்துவிட்டு அவர் தலையை ஆட்டினார்.

"எனக்கு எதுக்கும்மா இதெல்லாம்? சம்பளம் வாங்கினேன், பாடம் எடுத்தேன்."

நான் விடவில்லை. படிவத்தை முன்னால் வைத்தேன். அவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு எங்கள் லேப் அட்டெண்டரின் பெயரைச் சொன்னார்.

"கரைசல் எல்லாம் கலக்கி வெச்சது அவர். உடைஞ்ச சென்ட்ரிஃப்யூஜை ராத்திரி உக்காந்து சரி பண்ணினது அவர். அவர் பேரு எங்கேயாவது வருமா? அதை முதல்ல சொல்லு."

விதிமுறையில் ஆசிரியர் அல்லாத பணியாளருக்கு இடம் இல்லை. கன்வீனரிடம் கேட்டேன், இந்த ஆண்டு முடியாது என்றார். ஆனால் மேடத்தின் பாராட்டுரையில் அவர் பெயரைச் சேர்க்கலாம், விழாவுக்குக் குடும்பத்தோடு அழைக்கலாம் என்று ஒத்துக்கொண்டார். அதை எழுத்தில் காட்டிய பிறகுதான் மேடம் கையெழுத்துப் போட்டார்.

இதற்குள் சுலபமாக முடிந்த நண்பனின் விருது சிக்கலில் மாட்டியது. மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1964-ல் 14-ஆவது விதி என்று ஒன்று இருக்கிறது. அரசு ஊழியர் தன்னைக் கௌரவித்து நடக்கும் கூட்டத்தில் கலந்துகொள்ளவோ பாராட்டுப் பத்திரம் வாங்கவோ முன் அனுமதி பெற வேண்டும். அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் சமயத்தில்தான் அவனுடைய அலுவலகம் இதைச் சொன்னது. பணப்பரிசு கிடையாது என்று கல்லூரி லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்கிக் கொடுத்த பிறகு, விழாவுக்கு முந்தைய வாரம் அனுமதி வந்தது. பணியில் இருக்கும் அரசு விஞ்ஞானியைப் பரிந்துரைத்தால், விண்ணப்பம் போடும் அன்றே அனுமதிக்கும் எழுதச் சொல்லுங்கள். உங்களுடையது அரசு கல்லூரி என்றால் இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். கர்நாடக அரசு விழாக்களில் சால்வை, பூங்கொத்து வேண்டாம், கன்னடப் புத்தகம் கொடுங்கள் என்று 2021-ல் சுற்றறிக்கை வந்திருக்கிறது.

கடைசி அடி பாராட்டுப் பத்திரத்தின் அச்சில். சுல்தான்பேட்டை அச்சகத்திலிருந்து வந்த ப்ரூஃபை வாட்ஸ்அப்பில் பார்த்தால், இனிஷியலை விரித்து எழுதி மேடத்தின் அப்பாவுக்கே விருது கொடுத்திருந்தார்கள்! கன்னடத்தில் ஒரு மாதிரி, ஆங்கிலத்தில் வேறு மாதிரி. உடனே போய் நின்று திருத்தி, இரண்டு மொழியிலும் மேடத்திடமே போனில் எழுத்துக்கூட்டிச் சரிபார்த்த பிறகுதான் அச்சுக்கு விட்டேன். ப்ரூஃபை நீங்கள் பார்க்காமல் விடாதீர்கள், அது குழுவின் வேலை என்று யார் சொன்னாலும்.

விழா நன்றாக நடந்தது. மைசூர் பேட்டா தலைப்பாகை, ஏலக்காய் மாலை, பழக்கூடை எல்லாம் முறைப்படி. அட்டெண்டர் ஐயா மனைவியோடும் பேரனோடும் முதல் வரிசையில் இருந்தார். அவர் பெயர் வாசிக்கப்பட்டபோது பழைய மாணவர்கள் தட்டிய கை, மேடத்துக்குத் தட்டியதற்குக் குறைந்தது இல்லை.

அடுத்த ஆண்டு படிவத்தில் 'கற்பித்தல், ஆய்வகப் பணி' என்று தனிக் கட்டம் வரும் என்று குழு எழுத்துப்பூர்வமாகச் சொல்லியிருக்கிறது. ஆய்வகப் பணியாளர்களுக்கும் ஒரு விருது வைப்பது பற்றி ஸ்கூலின் கூட்டத்தில் பேசப் போகிறார்கள். அட்டெண்டர் ஐயாவின் பெயரை நாங்கள் இப்போதே தயார் செய்கிறோம். அவரிடம் சால்ட் பாட்டில் வாங்கி பிராக்டிகல் செய்தவர்கள் யாராக இருந்தாலும், படித்த ஆண்டு, பிரிவு, அவர் உங்களுக்குச் செய்த ஒரு குறிப்பிட்ட உதவி, இவற்றோடு கையெழுத்துப் போட்டு ஒரு பக்கம் எழுதித் தாருங்கள். பழைய ரெக்கார்டு இருந்தால் அதையும் தேடி எடுத்து வையுங்கள்.