பச்சை குத்திய கைக்கு எந்த லென்ஸ்?

காரைக்குடிப் பக்கம் அப்பத்தாக்களின் முன்கையில் இருக்கும் புள்ளிக்கோலப் பச்சையானாலும், இளவட்டங்களின் புது டாட்டூவானாலும், படமெடுக்க முதலில் பார்க்க வேண்டியது லென்ஸின் குறைந்தபட்சக் குவியும் தூரம், அதாவது எவ்வளவு கிட்டே போனாலும் படம் தெளிவாக விழும் என்பது. பலர் எஃப் 1.8 என்ற துவார எண்ணில் (எண் குறைந்தால் துவாரம் பெரிது) மயங்கிவிடுகிறார்கள்.

சாதாரண 85 மி.மீ. லென்ஸ் சுமார் 80 செ.மீ.க்குக் கிட்டே குவியாது. ஃபுல் ஃபிரேமில் (36 மி.மீ. அகல சென்சார்) அதன் சட்டத்துக்குள் ஏறக்குறைய 28 செ.மீ. அகலம் விழும், 5 செ.மீ. பச்சை அதில் ஆறில் ஒரு பங்குதான். கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே 12 மி.மீ. எக்ஸ்டென்ஷன் டியூப் என்ற வெற்றுக்குழாய் மாட்டினால், இன்னும் கிட்டே போகலாம், அகலம் பாதியாகும். கையில் காசிருந்தால் மிக நெருங்கிப் படமெடுக்கும் 90 அல்லது 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ், சிறிய கிராப் சென்சாருக்கு 60 மி.மீ. கேமராவோடு வரும் கிட் லென்ஸை 18 மி.மீ.-இல் வைத்து நெருங்கினால் கை நடுவில் புடைத்து, கோலம் கோணிவிடும்.

கை உருளை வடிவம். எஃப் 2.8-இல் நடுக்கோடு மட்டும் துல்லியம், ஓரம் மங்கல். எஃப் 8 வையுங்கள். வயதான கை நடுங்கும், ஷட்டர் வேகம் 1/200 நொடிக்குக் கீழே வேண்டாம். அதற்காக ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) ஏறினால் ஏறட்டும்.

முற்றத்து ஓர நிழல் அருமையான வெளிச்சம். ஆனால் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லின் சிவப்பு தோலில் ஏறி, மங்கிய பச்சையை அழுக்காகக் காட்டும். கீழே வெள்ளை வேட்டியை விரித்துவிடுங்கள். களிம்பு பூசிய புது டாட்டூ பளபளக்கும்; லென்ஸின் முன் மாட்டும் போலரைசர் வடிகட்டி அதைக் குறைக்கும், ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி) வெளிச்சத்தையும் தின்னும்.