பணகுடிக் காற்றும் என் புது ஹைப்ரிட் வண்டியும்

ஆனி மாதத்து இரண்டாம் சனிக்கிழமை காலை, திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்குப் போகும் வழியில், வள்ளியூரைத் தாண்டிப் பணகுடியை நெருங்கிக்கொண்டிருந்தபோது என் வண்டி தானாக இடப்பக்கம் நகர்ந்தது. நான் ஸ்டியரிங்கைத் திருப்பவில்லை. சாலை நேராக இருந்தது, மேடு பள்ளம் எதுவும் இல்லை, வேகம் மணிக்கு 95 கிலோமீட்டர். மகேந்திரகிரி மலைப் பக்கமிருந்து வந்த ஒரு வீச்சு வண்டியின் முன்பகுதியைப் பிடித்து ஓரத்துக்குத் தள்ளியது. இடப்பக்கச் சக்கரங்கள் சாலையோர வெள்ளைக் கோட்டின் மேல் ஏறிய பிறகே என்னால் வண்டியை உள்ளே கொண்டுவர முடிந்தது. அந்தக் கோட்டுக்கு அப்பால், சற்றுத் தூரத்தில், ஒரு பெரியவர் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். அவரைக் கடந்து வெகுநேரம் ஆன பின்னும் என் கைகள் தளரவில்லை.

இந்தக் காற்று எனக்குப் புதிதன்று. பதினொரு ஆண்டுகளாக, பெரும்பாலான சனிக்கிழமைகளில், வடசேரியில் இருக்கும் அம்மாவைப் பார்ப்பதற்காக ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளமுள்ள இதே வழியில் போய்வருகிறேன். வைகாசி முடியும்போது தொடங்கிப் புரட்டாசி வரையில் மேற்கிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று, மேற்குத் தொடர்ச்சி மலை முடியும் இடத்தில் உள்ள ஆரல்வாய்மொழிக் கணவாயில் நெருக்கப்பட்டு வேகம்கொண்டு இந்தச் சமவெளியில் பாய்கிறது. முப்பந்தலைச் சுற்றி ஏறத்தாழ 1,500 மெகாவாட் திறனுள்ள காற்றாலைகளை நட்டு வைத்திருப்பதற்கு அதுவே காரணம். ஆனால் காற்றாலைக் கூட்டத்தின் நடுவே, காவல்கிணறிலிருந்து ஆரல்வாய்மொழிக்குப் போகும் சாலை பெரும்பாலும் மேற்கு நோக்கியே செல்வதால், அங்கே காற்று எதிர்முகமாக வந்து வண்டியின் வேகத்தையும் மைலேஜையும் தின்னுமே தவிர, பக்கவாட்டில் தள்ளுவது குறைவு. உண்மையான சோதனை அதற்கு முந்தைய பகுதியில்தான் இருக்கிறது. நாங்குநேரியிலிருந்து வள்ளியூர், பணகுடி வழியாகக் காவல்கிணறு வரையில் நான்குவழிச் சாலை தெற்கு நோக்கி இறங்குகிறது. காற்று அதன் விலாவில் குத்துகிறது.

முன்பு வைத்திருந்த டீசல் செடானில் இந்தக் காற்றைக் காதால் கேட்டிருக்கிறேன், கையால் லேசாக உணர்ந்திருக்கிறேன், ஆனால் ஒரு நாளும் அஞ்சியதில்லை. அந்த வண்டியைக் கொடுத்துவிட்டு இந்த ஹைப்ரிட் எஸ்யூவியைத் தை மாதத்தில் வாங்கியதற்கு முதற்காரணம் அம்மாவின் முழங்கால். தாழ்வான செடான் இருக்கையில் குனிந்து உட்காரவும், பிறகு அதிலிருந்து எழுந்து இறங்கவும் அவர் பட்ட பாட்டைப் பார்க்கப் பொறுக்கவில்லை. இந்த வண்டியில் இருக்கை இடுப்பு உயரத்தில் இருக்கிறது. அப்படியே சாய்ந்து உட்கார்ந்து காலை உள்ளே எடுத்துக்கொள்கிறார். நகருக்குள் லிட்டருக்கு 23, 24 கிலோமீட்டர் தருகிறது, பாதி நேரம் இன்ஜின் ஓடும் சத்தமே கேட்பதில்லை. இந்த இரண்டிலும் வண்டி சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்குவதற்கு முன் ஓட்டிப் பார்த்தது பாளையங்கோட்டைத் தெருக்களில், மார்கழிக் காலையில், காற்றே இல்லாத அரைமணி நேரம். அப்போது இந்தக் குறையைக் கண்டுபிடித்திருக்க வழியே இல்லை.

குறை என்னவென்று துல்லியமாகச் சொல்ல முயல்கிறேன், ஏனென்றால் ‘வண்டி ஆடுகிறது’ என்று மட்டும் சொன்னால் கேட்பவர்கள் உயரமான வண்டி என்றால் அப்படித்தான் என்று முடித்துவிடுகிறார்கள். ஒரே சீராக அடிக்கும் காற்று பெரிய தொல்லையன்று. ஸ்டியரிங்கைக் காற்று வரும் பக்கமாக ஒரு விரல் அகலம் திருப்பிப் பிடித்தால் வண்டி நேராகப் போகும். ஆனால் பணகுடிக் காற்று சீராக அடிப்பதில்லை. ஒரு பாலத்தின் கைப்பிடிச் சுவர், ஒரு வாழைத்தோப்பு, சாலையோரத்து மண்மேடு என்று ஏதாவது ஒன்று அதை ஒரு விநாடி மறைக்கும், அடுத்த விநாடி முழு வேகத்தில் திறந்துவிடும். வீச்சு வந்ததும் வண்டியின் மூக்கு முதலில் திரும்புகிறது, உடல் ஒரு கணம் கழித்துச் சாய்கிறது, அதற்கு மாற்றாக நான் ஸ்டியரிங்கைத் திருப்புவதற்குள் வீச்சு நின்றுவிடுகிறது. இப்போது என் திருத்தமே வண்டியை எதிர்ப்பக்கம் இழுக்கிறது. நேராகப் பிடிக்கும் நிலையில் ஸ்டியரிங் மிக இலேசாக இருப்பதால், சக்கரம் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்ற செய்தி கைக்கு வந்து சேர்வதே இல்லை. பழைய வண்டியில் காற்றின் தள்ளலைக் கண் பார்ப்பதற்கு முன் உள்ளங்கை அறிந்துகொள்ளும். இதில் கோடு விலகுவதைக் கண்ணால் கண்ட பிறகுதான் கை வேலை செய்கிறது. வண்டியில் இருக்கும் எலெக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் இதில் தலையிடுவதில்லை. சக்கரங்கள் பிடி இழந்து வழுக்கும்போது காப்பதற்காக அமைத்தது அது, இரண்டடி விலகல் அதன் கணக்கில் ஒரு பொருட்டாக வராது.

திரும்பி வரும் பயணம் இதைவிட மோசம். வடக்கு நோக்கி வரும்போது காற்று இடப்பக்கமிருந்து அடிக்கிறது, எனவே வண்டி சாலையோரத்துக்குப் பதிலாக நடுத் தடுப்பை நோக்கித் தள்ளப்படுகிறது. முன்னால் போகும் லாரியை வலப்பக்கமாக முந்தும்போது சில விநாடிகள் அந்த லாரியே காற்றுக்கு மறைப்பாகிவிடுகிறது. அதன் முன்பகுதியைத் தாண்டி வெளியே வரும் நொடியில், அதுவரை மறைந்திருந்த காற்று முழுவதும் ஒரே அடியாக வண்டியின் முன்பகுதியைத் தாக்குகிறது. வலப்பக்கம் தடுப்புச் சுவர், இடப்பக்கம் லாரி, நடுவே நான். அம்மாவைக் கண் மருத்துவரிடம் காட்டுவதற்காகத் திருநெல்வேலிக்கு அழைத்து வந்த அன்று, பணகுடிக்கும் வள்ளியூருக்கும் இடையே இப்படி ஒரு முறை நடந்தது. பின்னிருக்கையில் இருந்த அம்மா கதவுக்கு மேலே உள்ள கைப்பிடியை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு, “மக்கா, வண்டிய ஆராச்சும் பிடிச்சுத் தள்ளுதாவளா?” என்று கேட்டார். அவருடைய வசதிக்காக வாங்கிய வண்டி. அவர் குரலில் இருந்த பயம் என்னை மிகவும் வருத்தியது.

காரணங்களைத் தேடிப் படித்தும், தெரிந்த மெக்கானிக்குகளிடம் கேட்டும் எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன். 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டியை 40 கிலோமீட்டர் வேகக் காற்று நேர் பக்கவாட்டில் சந்தித்தால், வண்டியைப் பொறுத்தவரை காற்று நேர் எதிரிலிருந்து ஏறத்தாழ 22 பாகை விலகி வருகிறது. அந்தச் சாய்ந்த காற்று தள்ளும் விசை ஒன்றுகூடும் புள்ளி, பெரும்பாலான கார்களில், வண்டியின் எடை மையத்துக்கு முன்னால் அமைகிறது. அதனால்தான் வண்டி மொத்தமாக நகர்வதற்கு முன் மூக்கு திரும்புகிறது. இந்த இரண்டு புள்ளிகளுக்கும் இடையே உள்ள தூரம் கூடக்கூடத் திருப்பமும் கூடும். பின்பக்கம் இன்ஜின் வைத்த பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் பக்கக்காற்றில் அலைவதற்குப் பேர்போனதாக இருந்தது, எடை முழுவதும் பின்னால் குவிந்திருந்ததால்தான். என் பழைய செடானில் கனமான டீசல் இன்ஜின் முன்னால் உட்கார்ந்து எடை மையத்தை முன்னே இழுத்து வைத்திருந்தது. புது வண்டியில் இன்ஜின் இலேசான பெட்ரோல் இன்ஜின், பேட்டரி பின்பக்கத்தில். முழு மின்வண்டிகளில் தரை முழுவதும் பரப்பிய கனமான பேட்டரி வண்டியைத் தாழ்வாக அழுத்திப் பிடிக்கிறது என்பார்கள். என் வண்டியின் பேட்டரி இரண்டு கிலோவாட்மணியைக்கூட எட்டாத சிறிய பெட்டி, அதனால் அந்த நன்மையும் இல்லை. இதோடு உயரமான பக்கச் சுவர் காற்றுக்குப் பாய்மரம் போல முகம் கொடுக்கிறது. காற்றுத்தடையைக் குறைப்பதற்காகப் பின் மூலைகளை மழுக்கி உருட்டியிருக்கிறார்கள். கூர்மையான பின் விளிம்புகள் பக்கக்காற்றில் தரும் நிலைப்பு அதனால் குறைகிறது. மைலேஜுக்காகப் போட்ட, உருளும் தடை குறைந்த டயர்களும் ஸ்டியரிங்குக்கு மந்தமாகவே பதில் சொல்கின்றன.

சர்வீஸ் சென்டருக்கு இரண்டு முறை போனேன். முதல் முறை, “அதெல்லாம் நார்மல்தான் சார், எஸ்யூவி அப்படித்தான் இருக்கும்” என்று சொல்லி அனுப்பினார்கள். இரண்டாம் முறை நானே டயர் காற்றை அளக்கச் சொன்னேன். கதவு ஓரத்து ஸ்டிக்கரில் 33 என்று அச்சிட்டிருக்க, நான்கு டயர்களிலும் 40க்கு மேல் இருந்தது. கிடங்கில் நிற்கும் வண்டிகளுக்குக் கூடுதலாகக் காற்று வைப்பது வழக்கம், கைமாற்றும்போது குறைக்க மறந்திருக்கிறார்கள். சக்கரங்களின் அலைன்மென்டும் சற்றே வெளிநோக்கி விலகியிருந்தது. இரண்டையும் சரிசெய்த பிறகு வண்டி கொஞ்சம் அடங்கியது உண்மை. முன்பு பத்துப் பங்கு பயம் என்றால் இப்போது ஏழு. ஐந்து மாதம் தவறான காற்றழுத்தத்தில் என்னை ஓட்டவிட்டதற்கு ஒரு வருத்தச் சொல்கூட அவர்களிடமிருந்து வரவில்லை.

நியாயமாக இருக்க வேண்டும் என்பதற்காக இன்னொன்றையும் செய்தேன். என் அலுவலக நண்பர் ஒருவர் இதே மாடலின் சாதாரணப் பெட்ரோல் வண்டியை வைத்திருக்கிறார். ஆடி முதல் ஞாயிறு அன்று இருவரும் வண்டிகளை மாற்றிக்கொண்டு நாங்குநேரியிலிருந்து காவல்கிணறு வரை ஒருவர் பின் ஒருவராக ஓட்டினோம். அவருடைய வண்டியும் ஆடத்தான் செய்தது. ஆனால் மூக்கு திரும்புவது சற்றுக் குறைவு, கைக்குத் தெரியும் செய்தி சற்றுக் கூடுதல். அவர் போட்டிருந்த டயர்கள் வேறு நிறுவனத்துடையவை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். என் வண்டியை ஓட்டிவிட்டு இறங்கிய நண்பர், தோள் வலிக்கிறது என்றார். ஆகவே ஹைப்ரிட் தொழில்நுட்பத்தின் மேல் மட்டும் பழி போடுவது சரியில்லை. ஒவ்வொரு சொட்டுப் பெட்ரோலையும் மிச்சப்படுத்துவதற்காக டயர், உருவம், ஸ்டியரிங் எல்லாவற்றையும் ஒரே திசையில் வளைத்தவர்கள், அவை ஒன்றுசேர்ந்து பக்கக்காற்றில் என்ன செய்யும் என்பதைப் பார்க்காமல் விட்டார்கள் என்பதே என் மனத்தாங்கல்.

பார்ப்பதற்கு வழியில்லாமலும் இல்லை. பெரிய காற்றாடிகளை வரிசையாக வைத்து, அவற்றின் குறுக்கே வண்டியை ஓட்டி எவ்வளவு விலகுகிறது என்று அளப்பதற்கு ஐஎஸ்ஓ 12021 என்ற சர்வதேச முறையே இருக்கிறது. மெர்சிடிஸ் நிறுவனம் 2013ஆம் ஆண்டிலேயே தன் ஸ்பிரின்டர் வேன்களில் பக்கக்காற்று உதவி என்ற வசதியைக் கொண்டுவந்தது. வீச்சை உணர்ந்ததும் காற்று வரும் பக்கத்துச் சக்கரங்களுக்கு மட்டும் மெல்ல பிரேக் கொடுத்து வண்டியைக் கோட்டுக்குள் நிறுத்தும் ஏற்பாடு அது. அதற்குத் தேவையான உணரிகள் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் உள்ள எந்த வண்டியிலும் ஏற்கெனவே இருக்கின்றன. நம் நாட்டிலோ வண்டி வாங்குபவர் கையில் கிடைப்பவை இரண்டு எண்கள்தாம். ஒன்று மைலேஜ், அது ஆய்வுக்கூடத்தில் உருளைகளின் மேல் ஓட்டி அளந்தது, பக்கக்காற்று அதற்குள் வருவதேயில்லை. மற்றொன்று 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பாரத் என்கேப் நட்சத்திரங்கள். அவை மோதலில் உள்ளிருப்பவர்களுக்கு என்ன ஆகும் என்பதை மதிப்பிடுகின்றன. மோதலுக்கு இட்டுச்செல்லக்கூடிய இந்த விலகலை அளந்து சொல்லும் எண் எதுவும் ஷோரூமில் இல்லை. ஆனி, ஆடியில் ஒரு வாரம் வள்ளியூரில் தங்கி இந்தச் சாலையில் ஓட்டிப் பார்த்திருந்தால், வடிவமைத்தவர்களுக்கே இது பொறுத்திருக்காது என்று உறுதியாக நம்புகிறேன். இதையெல்லாம் தேதி, இடம், வேகம், டயர் காற்று விவரங்களோடு நிறுவனத்துக்குக் கடிதமாக அனுப்பியிருக்கிறேன். பெற்றுக்கொண்டோம் என்ற பதில் மட்டும் வந்திருக்கிறது.

முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலில் நிறுத்திக் கும்பிட்டுவிட்டுப் போகும் பழக்கமுள்ள வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, இந்தப் பருவத்தில் வள்ளியூர் தாண்டினால் 80க்கு மேல் போகாதீர்கள் என்றார். வேகத்தை 100இலிருந்து 80 ஆகக் குறைத்தால் காற்று தள்ளும் விசை ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான் குறைகிறது; ஆனால் மூக்கு அதே அளவு திரும்பினாலும் ஒரு விநாடிக்குள் வண்டி கோட்டைவிட்டு விலகும் தூரம் கணிசமாகக் குறைகிறது, கை திருத்துவதற்கு நேரம் கிடைக்கிறது. நான் 75இல் போகிறேன். திரும்பும்போது லாரிகளை முந்துவதில்லை, பின்னாலேயே இடைவெளி விட்டு வருகிறேன். டிக்கியில் கனமான பொருள் வைத்தால் எடை பின்னுக்குப் போய் ஆட்டம் கூடுவதை இரண்டு முறை கண்டுகொண்டதால், அம்மா கொடுத்தனுப்பும் தேங்காய் மூட்டையை இப்போது முன்னிருக்கையின் காலடியில் வைக்கிறேன். நண்பர் போட்டிருக்கும் டயர்களையே என் வண்டிக்கும் மாற்றிப் பார்க்க முடிவு செய்திருக்கிறேன். மைலேஜ் ஒன்றிரண்டு கிலோமீட்டர் குறைந்தாலும் கவலையில்லை. அடுத்த கண் பரிசோதனை ஆவணி இறுதியில் இருக்கிறது. அதற்குள் டயர் வந்துவிடும் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார்.