பொறு தம்பி, இன்னும் ஒண்டு வரும்

எமது பழைய விலங்கியல் ஆய்வுகூடத்தின் வாசற்படி மற்றப் படிகளிலும் சற்று உயரமானது என்பதை, அதில் ஒரு தடவையேனும் கால் இடறியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1977இல் ஒரு சனிக்கிழமை, மேலதிக வகுப்புக்குப் பிந்தி ஓடிவந்த எங்கள் தோழன் ஒருவன், செருப்பணிந்த காலின் பெருவிரலை அந்தப் படியில் மோதிக்கொண்டு, "ஐயோ" என்று ஒற்றைக் காலில் நின்றான். நாங்கள் சிரித்தோம். எங்களுக்கு விலங்கியல் படிப்பித்த சேர் சிரிக்கவில்லை. வெண்கட்டியை வைத்துவிட்டு, தமது கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, "பொறு தம்பி, இன்னும் ஒண்டு வரும்" என்றார். வெடுக்கென்று வந்த முதல் வலி அடங்கிய இடத்தில், கனமான, எரிவு கலந்த, இன்ன இடமென்று விரல் வைத்துக் காட்ட முடியாத இரண்டாவது வலி வந்து சேர்ந்தது. "வந்திட்டுது சேர்" என்று சொல்லிவிட்டு அவன் நிலத்தில் அமர்ந்துவிட்டான்.

அன்றைய பாடம் நரம்பு நார்கள் என்பதால் அட்டவணை கரும்பலகையில் ஏற்கெனவே பாதி எழுதப்பட்டிருந்தது. தசையின் நீட்சியை உணரும் தசைக்கதிர்களிலிருந்து செய்தி கொண்டுவருகின்ற ஏ-அல்பா நார்கள் 12 முதல் 20 மைக்குரோமீற்றர் தடிப்பும் செக்கனுக்கு 70 முதல் 120 மீற்றர் வேகமும் உடையவை. தொடுகையைக் கொண்டுசெல்லும் ஏ-பீற்றா அடுத்தது. கூர்மையான முதல் வலியையும் குளிரையும் கொண்டுசெல்லும் ஏ-டெல்ற்றா மெல்லியது, 12 முதல் 30 மீற்றர் வேகமுடையது. நாரைச் சுற்றியிருக்கும் கொழுப்பு உறையான மயலின் கவசமே இல்லாத சீ நார் செக்கனுக்கு அரை மீற்றர் முதல் இரண்டு மீற்றர் வரைதான் போகும். பெருவிரலிலிருந்து முதுகெலும்புக்குள் இருக்கும் முண்ணாணுக்கு ஏறத்தாழ ஒரு மீற்றர் தூரம். ஆகவே முதல் வலி கண்ணிமைப்பதற்குள் போய்ச் சேர, இரண்டாவது வலி கொழும்பில் வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு நடந்து போகிறவனின் வேகத்தில் ஒரு செக்கன் கழித்துப் போகிறது. அமெரிக்காவில் ஏர்லாங்கர், காசர் என்ற இருவர் நரம்பொன்றின் ஒரு முனையில் மின்னதிர்ச்சி கொடுத்து, மறுமுனையில் ஓர் அலைக்குப் பதிலாக ஒன்றன்பின் ஒன்றாகப் பல மேடுகள் எழுவதைக் கதோட்டுக் கதிர்க் குழாயில் கண்டதற்காக 1944இன் நோபெல் பரிசைப் பெற்றார்கள் என்று சேர் சொன்னபோது, அந்த மேடுகளில் இரண்டை எங்கள் தோழன் தரையில் அமர்ந்தபடி அனுபவித்துக்கொண்டிருந்தான்.

மயலின் கவசத்தை விளக்குவதற்கு அவர் கடற்கரைப் பாதைப் புகையிரதத்தை எடுத்துக்கொண்டார். கடுகதி வண்டி பம்பலப்பிட்டியிலும் கொள்ளுப்பிட்டியிலும் நில்லாமல் போவதுபோல, நரம்பில் ஓடும் மின்துடிப்பான கணத்தாக்கமும் தாவிச் செல்கிறது என்றார். பின்வாங்கிலிருந்து ஒருவன், "சேர், மயலின் விட்டு விட்டு இருக்கிற இடைவெளியில், றன்வியரின் கணுவில்தானே கணத்தாக்கம் புதிதாக எழும்புது? அப்படியெண்டால் அது ஸ்ரேசனில் நிண்டுதானே போகுது?" என்று கேட்டான். சேர் சிறிது நேரம் யன்னலுக்கு வெளியே பார்த்திருந்துவிட்டு, தாம் சொன்ன உவமை பிழையென்று ஒப்புக்கொண்டு திருத்திச் சொன்னார்: மயலின் உள்ள நார் எல்லா நிலையங்களிலும் நின்றுதான் போகிறது, ஆனால் நிலையங்கள் தூரத் தூர இருக்கின்றன; மயலின் இல்லாத நாரோ ஒவ்வொரு சிலிப்பர்க் கட்டையிலும் நின்று நின்று போகிற வண்டி. திருத்திய உவமைதான் எனக்கு இன்றைக்கும் நிற்கிறது. இதே நார்களுக்கு உரோம இலக்கங்களால் வேறொரு பிரிப்பும் உண்டு. அது எங்களைக் குழப்பியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை.

தோலில் உணர்வைப் பிடிக்கும் புலன்வாங்கிகளுக்குப் பாடம் வந்தபோது கணிதப் பெட்டியின் கவராயங்கள் வெளியே வந்தன. கண்ணை மூடியிருப்பவனின் தோலில் இரண்டு கூர்களையும் ஒருசேர வைத்து, அவன் இரண்டு என்று உணரும் மிகக் குறைந்த இடைவெளியை அளக்க வேண்டும். விரல்நுனியில் இரண்டு மூன்று மில்லிமீற்றரிலேயே எல்லோரும் "ரெண்டு" என்றார்கள். முதுகில் நான்கு சதமமீற்றர் விரித்தும் சிலர் "ஒண்டு" என்றே சாதித்தார்கள். விரல்நுனியில் தொடுகையை வாங்கும் மைஸ்னரின் துணிக்கைகளும் மேர்க்கெலின் தட்டுகளும் நெருங்கிக் கிடக்க, முதுகில் ஒரே நார் பெரிய பரப்பொன்றைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறது.

அதே வகுப்பில்தான் சேர் எங்களுடைய உள்ளங்கைகளைக் கடற்பக்கச் சுவரில் வைக்கச் சொன்னார். காலி வீதிப் பேருந்துகளின் இரைச்சலில் புகையிரதம் காதுக்கு எட்டுவதற்கு முன்னரே கைக்கு எட்டியது. தோலுக்கு ஆழத்தில், வெங்காயம்போலப் படை படையாக, ஒரு மில்லிமீற்றர் வரை நீளமாக இருக்கும் பசினியின் துணிக்கைதான் அதிர்வை உணர்வது. நிலையான அழுத்தத்துக்கு உடனே பழகி மௌனமாகிவிடும். கட்டிய கடிகாரத்தை நாம் மறந்துவிடுவதும் இத்தகைய பழக்கத்தினால்தான். ஆடிவேல் காலத்தில் பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயிலில் மணிக்கணக்காகச் சம்மணமிட்டுக் கச்சேரி கேட்டு எழும்பும்போது கால் விறைத்துப் போவதற்கும் அவரிடம் விடை இருந்தது. அழுத்தத்துக்குத் தடித்த நார்கள் முதலில் வழிவிடும், சீ நார்கள் கடைசியில்; பல் வைத்தியர் போடும் விறைப்பூசியிலோ வலிதான் முந்திப் போகும், அழுத்தும் உணர்வு பிந்தி நிற்கும்.

ஒரேயொரு கேள்விக்குத்தான் அவரிடம் முழு விடை இருக்கவில்லை. அறுசுவையில் கார்ப்பும் ஒன்றாயிருக்க, நாவின் சுவைகளில் உறைப்பு ஏன் இல்லை என்று கேட்டோம். அது சுவையன்று, நோவு என்றார். மிளகாய் ஏன் சுடுகிறது என்பதற்கு அக்காலத்தில் எவரிடமும் விடை இருக்கவில்லை. 1997இல் டேவிட் ஜூலியஸின் குழுவினர் கண்டறிந்த வாங்கிப் புரதம், மிளகாயின் கப்செய்சினுக்கும் 43 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்துக்கும் ஒரே கதவாகத் திறக்கிறது. 2021இல் அவருக்கும், தொடுகைக்கான வாங்கியைக் கண்டறிந்த ஆர்டெம் பட்டபூட்டியானுக்கும் நோபெல் பரிசு கிடைத்த செய்தியை லண்டனில் காலைத் தேநீரோடு வாசித்தபோது, "வாய் எரியுது" என்று நாம் காலங்காலமாகச் சொல்லிவந்தது உடற்றொழிலியல் ரீதியாகச் சரியாகவே இருந்திருக்கிறது என்று சேருக்கு எழுத விரும்பினேன். அவர் அதற்கு முன்னரே காலமாகிவிட்டார்.

கால் நரம்புகளை மெல்ல மெல்லக் கெடுக்கக்கூடிய சலரோகம் எனக்கு வந்து பதினெட்டு ஆண்டுகள். சென்ற மாரியில் ஒரு நாள் முழுவதும் சப்பாத்துக்குள் கிடந்த சிறிய திருகாணியொன்றை மாலையில் காலுறையைக் கழற்றிய பின்னர்தான் கண்டேன்; காலுறையில் இரத்தம் காய்ந்திருந்தது. மறுவாரம் தாதியொருவர் என்னைக் கண்ணை மூடச் சொல்லி, வளையும்போது 10 கிராம் அழுத்தம் தரும் நைலோன் இழையால் பாதங்களைத் தொட்டுப் பார்த்தார். பின்னர் 128 ஹேர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டி இடது பெருவிரலின் என்பில் வைத்தார். எனக்கு வெறும் குளிர்தான் தெரிந்தது. ஊசிமுனை குத்தியதும் தெரிந்தது. அதிர்வைக் கொண்டுசெல்லும் தடித்த நார்கள் போய், குளிரையும் குத்தலையும் கொண்டுசெல்லும் மெல்லியவை இன்னும் மிஞ்சியிருக்கின்றன என்று நானாகவே சொன்னதும், நீங்கள் வைத்தியரா என்று கேட்டார். இல்லை, கணக்காளர் என்றேன். அவர் கவையை மறுபடி தட்டிக் கணுக்காலின் மொளிக்கு ஏற்றி வைத்தபோது, மெதுவாக, ஆய்வுகூடச் சுவருக்கு அப்பால் கோட்டைக்குப் போகும் வண்டிபோல அது வந்தது.

எங்கள் அணியின் கவராய அளவுகள் எழுதப்பட்ட செய்முறைக் கொப்பியை, இடறி விழுந்த அந்தத் தோழன்தான் கடைசியாக வாங்கிக்கொண்டு போனான். அவன் இதை வாசித்தால், என் பெயருக்கு நேரே முதுகுக்கு எத்தனை மில்லிமீற்றர் விழுந்திருந்தது என்று பார்த்து எழுதட்டும்.