கி.பி. 1: ஈஸ்டர் அட்டவணையில் பிறந்த ஆண்டுக் கணக்கு

கி.பி. என்ற கணக்கை எந்த அரசரும் ஆணை போட்டுத் தொடங்கவில்லை. ஈஸ்டர் தேதி பார்க்கத் தயாரித்த ஓர் அட்டவணையில் பிறந்தது அது. ஆண்டுகளை ஏன் ஒரு மத நிகழ்விலிருந்து எண்ணுகிறோம் என்று கேட்டால், "திருச்சபைக்கு அதிகாரம் இருந்தது" என்பார்கள். அது பாதி விடைதான். பல பத்தாண்டுகளுக்கு முன்கூட்டியே தேதி குறிக்க வேண்டிய தேவை திருச்சபைக்குத்தான் இருந்தது என்பது மீதிப் பாதி.

ரோமானியர்கள் ஆண்டை அந்தந்த வருஷத்துக் கான்சல்களின் (ஆண்டுதோறும் மாறும் உயர் பதவியாளர்களின்) பெயரால் அழைத்தார்கள். இருபது வருஷம் கழித்து யார் கான்சல் என்று இன்றே எப்படி எழுதுவது? இண்டிக்‌ஷன் என்ற 15 ஆண்டு வரிச் சுற்றும் இருந்தது. நம் பிரபவ முதல் அட்சய வரையிலான 60 ஆண்டைப் போல அதுவும் திரும்பத் திரும்ப வருவது. எந்தச் சுற்று என்று தெரியாது.

ஈஸ்டர், மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமியை அடுத்த ஞாயிறு. பௌர்ணமிகள் 19 ஆண்டுக்கு ஒருமுறை ஏறக்குறைய அதே தேதிகளுக்குத் திரும்புகின்றன. அதனால் எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் 19 × 5 = 95 ஆண்டுகளுக்கு அட்டவணை போட்டார்கள். அதற்கு அறுபடாத தொடர் எண் வேண்டும். கையில் இருந்தது கி.பி. 284-இல் தொடங்கும் டயோக்ளீஷியன் ஆண்டு.

கிறிஸ்தவர்களைக் கொடுமைப்படுத்திய ரோமப் பேரரசர் அந்த டயோக்ளீஷியன். பழைய அட்டவணை அவருடைய 247-ஆம் ஆண்டோடு முடியவிருந்தது. 525-இல் ரோமில் இருந்த துறவி டயோனிசியஸ் எக்சிகுவஸ், தொடர்ச்சியை எழுதும்போது 248 என்று போட மறுத்து, கிறிஸ்து பிறப்பிலிருந்து 532 என்று போட்டார். எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்களோ எண்ணை மாற்றவில்லை. பெயரை மட்டும் 'மறைசாட்சிகள் ஆண்டு' என்று மாற்றி இன்றும் அதையே எண்ணுகிறார்கள்.

532 என்பது 19 × 28. அதனால் ஆண்டு எண்ணிலிருந்தே அந்த 19 ஆண்டுப் பௌர்ணமிச் சுற்றில் அதன் இடம் கிடைத்துவிடும்: ஒன்றைக் கூட்டி 19-ஆல் வகுத்து மீதியைப் பாருங்கள். 2026 + 1 = 2027; மீதி 13. ஆக, சுற்றின் 13-ஆம் ஆண்டு. மீதி இல்லாவிட்டால் 19-ஆம் ஆண்டு. இந்த வசதிதான் அந்த எண்ணை நிலைக்க வைத்தது என்பது என் கருத்து.

கிறிஸ்து பிறந்த ஆண்டை எப்படிக் கணித்தார் என்று டயோனிசியஸ் விளக்கவில்லை. மத்தேயு நற்செய்தியின்படி இயேசு பிறந்தது யூதேயாவின் அரசர் ஏரோது காலத்தில். பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் ஏரோதின் மரணத்தை கி.மு. 4-இல் வைக்கிறார்கள். ஆக, தொடக்கப் புள்ளியே சில ஆண்டு தள்ளி விழுந்திருக்கிறது. இங்கிலாந்தின் துறவி பீட் 731-இல் முடித்த திருச்சபை வரலாற்றில் இதே எண்ணைப் பயன்படுத்த, அது ஐரோப்பாவில் பரவியது. எல்லா இடத்திலும் உடனே அல்ல: போர்ச்சுகல் 1422 வரை கி.மு. 38-இலிருந்து எண்ணியது, ரஷ்யா உலகப் படைப்பிலிருந்து எண்ணுவதை 1700-இல்தான் விட்டது.

இன்றும் பலரைத் தடுக்கி விழச் செய்வது ஒன்று உண்டு: சுழியம் ஆண்டு கிடையாது. கி.மு. 1-க்கு அடுத்தது கி.பி. 1. ரோமானியக் கவிஞர் விர்ஜில் பிறந்தது கி.மு. 70. 2000-இலிருந்து 70-ஐக் கழித்து 1930-இல் இரண்டாயிரமாவது ஆண்டு விழாக் கொண்டாடினார்கள். சரியான ஆண்டு 1931. வானியலாளர்கள் கி.மு. எண்ணில் ஒன்றைக் குறைத்து, முன்னால் கழித்தல் குறி போடுகிறார்கள். கி.மு. 70 என்றால் −69. அதோடு 2000-ஐக் கூட்டினால் 1931 நேராக வந்துவிடும்.